சகுனம் பார்க்காத மனுஷன்

உக்காருங்க தாயி. அந்த நாற்காலி வேணாம், ஒரு கால் ஆடும். இதுல உக்காருங்க. இந்த வெயில்ல வந்திருக்கீங்க, முதல்ல தண்ணியக் குடிங்க, பெறகு பேசுவோம்.

என்ன விஷயமா வந்திருக்கீங்கன்னு நீங்க சொல்லவே வேணாம். தெரு முக்குல நின்னு 'எஸ்.பி. ஆபீஸ் சார் வீடு எது'ன்னு கேட்டீங்க பாருங்க, அப்பவே தெரிஞ்சுபோச்சு. மாப்பிள்ளை விசாரிக்கத்தானே? அதான பாத்தேன். போலீஸ் மாப்பிள்ளை ஜாதகம் வந்தா இந்த ஊருல எல்லாருக்கும் எங்க வீடுதான் ஞாபகம் வரும். பையன் பேரு என்ன சொன்னீங்க? தமிழ்வாணன். ஆயுதப்படையில இருந்துட்டு இப்ப ஸ்டேஷனுக்கு வந்திருக்கானா. நல்லது. உங்க பொண்ணு? நர்ஸா இருக்கா. மகராசியா இருக்கட்டும்.

அவுக உள்ளதான் இருக்காக. பேப்பர் படிக்கிறாக. காது நல்லாக் கேக்கும், நாம பேசுறது அம்புட்டும் கேக்கும். கேக்கட்டும். ஆனா ஒண்ணு சொல்லிடுறேன், நீங்க வந்த காரியம் நடக்காது. அந்த மனுஷன் வாயில இருந்து ஒரு வார்த்தை வாங்க முடியாது. பெத்த புள்ளை மாதிரி வளர்த்த புள்ளைக்கே வாயத் திறக்காதவுக, உங்க புள்ளைக்கா திறக்கப் போறாக?

என்னைக் கூப்பிடச் சொல்லாதீங்க. நான் கூப்பிட மாட்டேன். நாங்க பேசிக்கிறதில்ல. சோறு வைப்பேன், காப்பி வைப்பேன், வேட்டி துவைச்சுப் போடுவேன். 'ஏங்க'ன்னு ஒரு வார்த்தை மட்டும் வாயில வராது. பூங்கோதை போனதுல இருந்து வரல. இந்த வீட்டுல ரெண்டே பேரு, ரெண்டு பேரும் செவுத்தோட பேசிக்கிட்டுக் கெடக்கோம்.

பூங்கோதை எங்க அண்ணன் மக. எங்களுக்குப் புள்ள இல்ல தாயி. அண்ணன் வீடு அடுத்த தெரு. பள்ளிக்கூடம் விட்டா நேரா இங்கதான் வருவா. தலை பின்னுறது நான், கணக்குச் சொல்லிக் கொடுக்கிறது அவுக. 'மாமா, மாமா'ன்னு அவுக சட்டைப் பையில கையை விட்டு சில்லறையெல்லாம் எடுத்துட்டு ஓடுவா. இவுகளுக்கு அவமேல உசுரு. அதைத்தான் என்னால தாங்க முடியல. உசுரா இருந்தவுக சொல்லலையே.

அவுக உத்தியோகம் என்னன்னு தெரிஞ்சுதானே வந்திருக்கீங்க. ரிட்டயர் ஆகுற வரைக்கும் ஆபீஸ்ல ரகசியப் பிரிவு. போலீஸ்காரங்க மேல வர்ற புகாரு, விசாரணை, தண்டனை, எல்லாக் காகிதமும் அவுக கைவழியாத்தான் போகும். எவன் குடிச்சுட்டு டூட்டிக்கு வந்தான், எவன் கை நீட்டி வாங்கினான், எவன் யாரை அடிச்சான், அம்புட்டும் அந்தத் தலைக்குள்ள கெடக்கு. வெளிய ஒரு சொட்டு சிந்தாது. ஒரு சமயம் எதுத்த வீட்டு ஏட்டையா கொஞ்ச நாளா வேலைக்குப் போகல. 'ஏங்க, என்னவாம்?'னு கேட்டேன். 'எனக்கென்ன தெரியும், உடம்பு சரியில்லையோ என்னமோ'ன்னாக. பெறகு தெரியுது, அவரை சஸ்பெண்ட் பண்ணின ஆர்டரை டைப் அடிச்சதே இவுகதானாம். எங்கிட்டயே அப்படி!

காரணம் இல்லாம இல்ல. அதையும் சொல்லணும், சொல்லாம விட்டா பாவம். கூட வேலை பாத்த ஒருத்தரு டீக்கடையில வச்சு வாய விட்டுட்டாரு. ஒரு போலீஸ்காரப் பொண்ணு. அம்மா செத்த துக்கத்துல தூக்கம் வராம மனசு டாக்டர்கிட்ட காமிச்சு, லீவு எடுத்திருக்கு. அம்புட்டுத்தான். மாப்பிள்ளை வீட்டுலருந்து விசாரிக்க வந்தவன்கிட்ட அந்தாளு, 'நல்ல பொண்ணுதான், ஆனா மூளைக்கு வைத்தியம் பாத்துக்கிட்டிருக்கு'ன்னு சொல்லிட்டாரு. கல்யாணம் நின்னுபோச்சு. ஊரெல்லாம் பைத்தியம்னு பேச்சு. அந்தப் பொண்ணு பூச்சிமருந்தைக் குடிச்சிருச்சு.

இவுகதான் ஆஸ்பத்திரிக்குப் போயிப் பாத்துட்டு வந்தாக. வந்து செருப்பைக் கூடக் கழட்டாம இந்த வாசல்ல உக்காந்தாக. 'ஒருத்தன் வாயி ஒரு உசுரைத் தின்னுருச்சு. அந்த ஃபைலைக் கட்டி வச்சது நான். இனிமே அங்க பாத்தது அங்கயே கெடக்கும். பெத்தவனே வந்து கேட்டாலும் எங்கிட்டருந்து ஒரு வார்த்தை போகாது'ன்னாக. எனக்கும் அன்னைக்குக் கண்ணுல தண்ணி வந்துருச்சு. நியாயந்தான். நான் இல்லைங்கல. ஆனா நியாயம் ஊருக்குத்தானே தாயி? வீட்டுப் புள்ளைக்குமா?

உங்கள மாதிரி எத்தனையோ பேரு வந்திருக்காக. அப்பல்லாம் இவுக பேசாம எந்திரிச்சுப் போகவும் மாட்டாக. உக்கார வச்சு, ஊரு, உறவு, பொண்ணு என்ன படிச்சிருக்கு, எல்லாத்தையும் விசாரிப்பாக. கடைசியில சம்பந்தமில்லாம எதையாச்சும் சொல்லி அனுப்பிருவாக. ஒருத்தர்கிட்ட, 'கல்யாணச் சாப்பாட்டுல அப்பளம் பெருசாப் போடுங்க, நான் வருவேன்'பாக. அவரு சிரிச்சுக்கிட்டே போவாரு. இன்னொருத்தர்கிட்ட, 'ஆடி மாசம் இந்தப் பேச்சு வேணாம், தையில வேற இடம் வரும்'பாக. அவரு மூஞ்சி செத்துப்போயி, போட்ட காப்பி போட்டபடி இருக்க எந்திரிச்சுப் போயிருவாரு. மரியாதை தெரியாத சனம்னு நெனச்சுக்குவேன். ஒரு அம்மா அவுக காலைத் தொட்டுக் கும்பிட்டுட்டுப் போச்சு. என்னத்துக்குக் கும்பிட்டுச்சுன்னு இன்னைக்கு வரைக்கும் எனக்கு வெளங்கல.

இதுல வேடிக்கை என்னன்னா, இவுகளுக்கு ஆடியும் கெடையாது, தையும் கெடையாது. எங்க கல்யாணமே ராகு காலத்துலதான் நடந்துச்சு. வேணும்னே வச்சாக. எங்கப்பா மணவறை ஓரத்துல நின்னு கண்ணைத் தொடச்சுக்கிட்டிருந்தாரு. வெளிய கெளம்பும்போது நான் தும்மிட்டாப் போதும், 'இன்னொரு தும்மலும் போடு, ரெண்டு மடங்கு நல்லது'ம்பாக. பல்லி சொன்னா, 'உங்கக்கா கூப்பிடுறா, என்னன்னு கேளு'ம்பாக. பூனைய நான் வெரட்டினா, அதுக்குப் பால் ஊத்தி உக்கார வைப்பாக. ஆயுசு பூரா என்னைக் கேலி பண்ணியே தீத்த மனுஷன்.

அப்படிப்பட்டவுக, பூங்கோதைக்கு அந்த ஜாதகம் வந்தப்ப என்ன செஞ்சாக தெரியுமா? நான்தான் கொண்டாந்தேன் அந்தச் சம்பந்தத்த. மாரியம்மன் கோயில்ல பழக்கமான அம்மாவோட மகன். ராஜபிரபுன்னு பேரு, எஸ்.ஐ. ஆள் தேக்குக்கட்டை மாதிரி இருப்பான். வந்தவுடனே எங்கால்ல விழுந்தான். அத்தை அத்தைன்னு வாய் நெறைய கூப்பிட்டான். எங்க அண்ணனுக்குத் தல கால் புரியல.

ஜாதகத்தைக் கொண்டாந்து இந்த மேசை மேல வச்சேன். இவுக கண்ணாடியப் போட்டுக்கிட்டு எடுத்துப் பாத்தாக. பேரைப் பாத்தாக. ரொம்ப நேரம் பாத்தாக. 'செவ்வாய் இடிக்குது. இது பொருந்தாது, விட்டுரு'ன்னாக. நான் விழுந்து விழுந்து சிரிச்சேன் தாயி. 'உங்களுக்குச் செவ்வாயும் தெரியாது, புதனும் தெரியாது, வயசான காலத்துல ஜோசியமா?'ன்னேன். அவுக சிரிக்கல. நான் நேரா ஜோசியர்கிட்ட போயி, பத்துக்கு எட்டுப் பொருத்தம்னு எழுதி வாங்கியாந்து அவுக முன்னாடி போட்டேன். எப்படி இருக்கும் எனக்கு? இம்புட்டு வருஷம் கேலி பண்ணினது பத்தாதுன்னு, நல்ல காரியத்துலயுமா?

பெறகு மாப்பிள்ளை வீடு பாக்கக் கெளம்பினோம். அண்ணன், மதினி, நான், எல்லாரும் வண்டியில ஏறியாச்சு. இவுக வாசப்படியிலயே நிக்கிறாக. 'பூனை குறுக்க போயிருச்சு. இன்னைக்கு வேணாம்'னாக. எந்தப் பூனை? தெனமும் இவுக பால் ஊத்துற பூனை! அது ஒரு நாளைக்குப் பத்துத் தடவை குறுக்க போகும். மதினி மூஞ்சி சுருங்கிப்போச்சு. எனக்கு மானம் போச்சு. 'என்னைக் கேலி பண்றதா இருந்தா வீட்டோட வச்சுக்கங்க'ன்னுட்டு நான் வண்டிய எடுக்கச் சொல்லிட்டேன். அவுக இல்லாமத்தான் போனோம்.

நிச்சயதார்த்தத்தன்னைக்குத்தான் உச்சம். கூடம் நெறைய சனம். பொண்ணுக்கு மாமன், இவுகதான் தாம்பூலத் தட்டை மாத்தணும். மாப்பிள்ளை வீட்டுல தட்டுல தேங்கா, பழம், வெத்தலை, சேலை எல்லாம் வச்சு நீட்டுறாக. இவுக கையைக் கட்டிக்கிட்டு நிக்கிறாக. 'பல்லி சொல்லிருச்சு'ன்னாக. 'தெக்குப் பக்கம் சொல்லிருச்சு. நல்ல சகுனம் இல்ல. இன்னொரு நாள் பாக்கலாம்.' யாரையும் பாக்கல தாயி, எம் மூஞ்சையே பாத்துச் சொன்னாக. ஒரு மாதிரியாப் பாத்தாக. கண்ணெல்லாம் செவந்திருந்துச்சு. குடிச்சிருக்காகளோன்னு கூட நெனச்சேன், குடிக்கிற பழக்கம் இல்லாதவுகள.

எனக்கு வந்துச்சே கோவம்! அம்புட்டுப் பேருக்கு முன்னாடியும் கேட்டுட்டேன். 'எங்க அண்ணன் வீட்டுல ஒரு நல்லது நடந்தா உங்களுக்குப் பொறுக்காதா? உங்களுக்குப் புள்ள இல்லாத வயித்தெரிச்சலை அந்தப் புள்ள மேலயா காட்டுறீக?'ன்னுட்டேன். கோவத்துல வர்ற பேச்சுதானே, அது. எல்லா வீட்டுலயும் புருஷன் பொண்டாட்டி பேசிக்கிறதுதான். அதோட அவுக கையைப் பிரிச்சாக. வாசலுக்குப் போயி, வந்தவங்க செருப்பெல்லாம் கெடக்குமே, அதுக்கு நடுவுல நின்னாக. தட்டை நான் எடுத்துக் குடுத்தேன். காரியம் நிக்கக் கூடாதுல்ல. 'அத்தையே மாத்துனா என்ன'ன்னு எல்லாரும் சொன்னாக. பூங்கோதை கூட என்னைப் பாத்துச் சிரிச்சா.

நல்லாத்தான் கல்யாணம் நடந்துச்சு.

மூணாம் மாசம் வந்தப்ப முழுக்கை ரவிக்கை போட்டிருந்தா. 'என்னடி, வேகுற வெயில்ல?'ன்னேன். 'இப்ப இதுதான் அத்தை ஃபேஷன்'னா. நான் நம்பினேன். இவுக நம்பல போலருக்கு. அவளைத் தனியாக் கூட்டிட்டுப் போயிக் கொல்லையில பேசிக்கிட்டிருந்தாக. 'எப்ப வேணாலும் வந்துரு. ராத்திரின்னு பாக்காத, யாரு என்ன சொல்லுவாங்கன்னு பாக்காத, இந்த வீட்டுக்கு வந்துரு'ன்னாக. நான்தான் சத்தம் போட்டேன். வாழப் போன புள்ளைக்குச் சொல்ற புத்தியா அது?

அடுத்த சித்திரையில போன் வந்துச்சு. 'பூங்கோதை தூக்கு மாட்டிக்கிட்டா'ன்னாங்க. போலீஸ் குவார்ட்டர்ஸ்ல, ஃபேன்ல. நாங்க போனப்ப எறக்கிப் படுக்க வச்சிருந்தாக. கழுத்தைப் பாத்தேன். கையைப் பாத்தேன். ரவிக்கைக் கையை மேல தள்ளிப் பாத்தேன் தாயி. அதுக்கு மேல என்னைக் கேக்காதீங்க.

இருங்க. தண்ணி குடிச்சுக்கிறேன்.

கருமாதியன்னைக்குத்தான் தெரிஞ்சுச்சு. இவுககூட ஆபீஸ்ல வேலை பாத்த இன்னொருத்தரு, ரிட்டயர் ஆனவரு, துக்கம் கேக்க வந்தாரு. தாங்காம சொல்லிட்டாரு. 'இந்தப் பய மேல முன்னாடியே ஒரு பொண்ணு மனு குடுத்திருந்துச்சும்மா. கட்டிக்கிறேன்னு சொல்லி வீடெடுத்து வச்சிருந்து, அடிச்சுக் கைய ஒடிச்சிருக்கான். விசாரணை நடந்து இன்க்ரிமென்ட் வெட்டு போட்டாங்க. சாருக்குத் தெரியாமலா? அவரு கையாலதானே அந்த ஃபைல் போச்சு'ன்னாரு.

இவுகளுக்குத் தெரிஞ்சிருக்கு. அம்புட்டும் தெரிஞ்சிருக்கு. செவ்வா, பூனை, பல்லின்னு என்னைக் கேலி பண்ண வாய் இருந்துச்சு. 'வேணாம்டி, அவன் அடிக்கிறவன்'னு சொல்ல வாயில்ல. அன்னைக்கு எனக்கும் அவுகளுக்கும் பேச்சு முடிஞ்சது. அண்ணன் வீட்டுலயும் எங்க ரெண்டு பேரையும் தலை முழுகிட்டாக. மதினி என்னைக் கண்டா ரோட்டுல அந்தப் பக்கம் போயிருவா.

இன்னும் கேளுங்க. அண்ணன் தகவல் உரிமைச் சட்டத்துல மனுப் போட்டாரு, அந்த ராஜபிரபு மேல முந்தி என்ன தண்டனை இருந்துச்சுன்னு கேட்டு. 'தனிநபர் தகவல், வழங்க இயலாது'ன்னு பதில் வந்துச்சு. கையெழுத்து ஆபீசரோடது. அதை எழுதி வச்சது யாரு? இவுகதான். ரிட்டயர் ஆகப் போற நேரத்துல, சொந்த மச்சினனுக்கு, செத்த புள்ளையோட அப்பனுக்கு. கல்லு தாயி. கல்லு கூட வெயில்ல வெடிக்கும்.

அந்த வாரம் ஒரு நாள் சாப்பிட உக்காந்தவுக, தட்டைப் பாக்காம செவுத்தைப் பாத்துக்கிட்டு, 'ஆபீஸ்ல கேட்டாக் குடுக்க மாட்டாங்க. கோர்ட்டு கேட்டா குடுத்துத்தான் ஆகணும். வக்கீலை மனுப் போடச் சொல்லணும்'னாக. செவுத்துக்கிட்ட சொன்னதை நான் ஆள் விட்டு அண்ணனுக்குச் சொன்னேன். அது மாதிரியே ஜட்ஜ் வரவழைச்சாரு. மூடின கவர்ல போச்சாம். வாய்தா வாய்தான்னு கெடக்கு. அவன் இன்னும் உத்தியோகத்துலதான் இருக்கான், வேற ஊருல. செத்தபெறகு மட்டும் வழி சொல்லத் தெரியுது பாருங்க. உசுரோட இருக்கும்போது சொல்றதுக்கு என்ன கேடு?

அதான் சொல்றேன். இங்க உக்காந்து பிரயோசனம் இல்ல. வேற யாரையாச்சும் வச்சு விசாரிங்க. காப்பி கொண்டாந்துட்டேன், குடிச்சுட்டுக் கெளம்புங்க. சீனி போதுமா?

இருங்க, எந்திரிச்சு வர்றாக. அதிசயந்தான், ரிட்டயர் ஆனதுக்கப்புறம் இந்தப் பேச்சுக்கு வெளிய வந்ததே இல்ல. சொல்லுங்க தாயி, உங்களைத்தான் கேக்குறாக, பொண்ணு என்ன செய்யுதுன்னு. ஆமா, நர்ஸு. ஒரே பொண்ணாங்கிறாக. ஒரே பொண்ணுதானா? அடடா.

என்னது?

கேட்டீங்களா கூத்த! பல்லி சொல்லிருச்சாம். நீங்க அந்தத் தமிழ்வாணன் பேரைச் சொன்னப்பத் தெக்குப் பக்கம் பல்லி சொல்லிருச்சாம். உங்க காதுல விழுந்துச்சா? எனக்கு விழல. போன மாசந்தான் வெள்ளையடிச்சோம், இந்த வீட்டுல ஏது பல்லி? பாத்துக்கங்க, புத்தி இன்னும் மாறல. வந்தவங்களையும் கேலி. நீங்க ஒண்ணும் மனசுல வச்சுக்காதீங்க தாயி, காப்பியக் குடிங்க, ஆறுது.

ஏன் எந்திரிச்சுட்டீங்க? காப்பி அப்படியே இருக்கே. ஏன் அழுவுறீங்க? அவுகள எதுக்குக் கும்பிடுறீங்க? 'எம்மகளைக் காப்பாத்திட்டீங்க ஐயா'ங்கிறீங்க. என்ன சொல்லிட்டாக அவுக? பல்லி சொல்லிருச்சுன்னுதானே சொன்னாக?

பல்லி சொல்லிருச்சுன்னுதானே சொன்னாக.

பையை எடுத்துக்கங்க தாயி. பாத்துப் போங்க, படி உசரம். கதவை நான் சாத்திக்கிறேன்.

ஏங்க.

உள்ள போகாதீக. கொஞ்சம் நில்லுங்க. அன்னைக்கு, அம்புட்டு சனத்துக்கு நடுவுல, எம் மூஞ்சையே பாத்துக்கிட்டு நின்னீகளே. எனக்குச் சொன்னதா அது? செவ்வா இடிக்குதுன்னதும், பூனை போகுதுன்னதும், எங்கிட்டச் சொன்னதா? எங்கேயோ இருந்து வந்தவளுக்கு ஒரு நிமிஷத்துல வெளங்குதே. இம்புட்டு வருஷம் கூட வாழ்ந்த எனக்கு வெளங்கலையே. நான் என்ன பேச்சுப் பேசினேன் உங்களை.

ஏங்க, இந்தக் கையாலதானே தட்டை எடுத்துக் குடுத்தேன்.